பழைய பிசி கேம்களைச் சுருக்கும்போது: அறிகுறியைப் பார்த்துக் கோளாறைப் பிடிப்பது

டிரைவ் நிரம்பிவிட்டது, புதுசு வாங்க இப்போது வழியில்லை, பழைய கேம்களை அழிக்கவும் மனம் வரவில்லை. இப்படி மாட்டிக்கொண்டு நிற்பவர்களுக்காக எழுதுகிறேன். விண்டோஸ் 10 அல்லது 11 ஓடுகிற கம்ப்யூட்டர், அதில் 2015-ஐ ஒட்டியும் அதற்கு முன்னும் வந்த கேம்கள் என்று வைத்துக்கொள்வோம்.

சுருக்குவது என்று இங்கே சொல்வது ஜிப் போட்டு மூட்டை கட்டி வைப்பதை அல்ல. ஃபைல் இருந்த இடத்திலேயே, அதே பெயரில் இருக்கும். டிஸ்க்கில் மட்டும் குறைவான இடம் பிடிக்கும். கேம் அதைக் கேட்கும்போது விண்டோஸ் நடுவில் நின்று விரித்துக் கொடுக்கும். கேமுக்கு இது தெரியவே தெரியாது. 2015-இல் விண்டோஸ் 10-உடன் வந்த வசதி இது. எக்ஸ்பிரஸ் 4கே, எக்ஸ்பிரஸ் 8கே, எக்ஸ்பிரஸ் 16கே, எல்இசட்எக்ஸ் என்று நான்கு அளவுகள். வரிசையில் பின்னால் போகப் போக இறுக்கமும் கூடும், சிபியு வேலையும் கூடும். கமாண்ட் பிராம்ப்ட்டில் காம்பாக்ட் என்ற கட்டளை மூலம் செய்யலாம். கட்டளை அடிக்கப் பிடிக்காதவர்களுக்கு காம்பாக்ட் ஜியுஐ என்ற இலவசக் கருவி இருக்கிறது. ஃபோல்டரைக் காட்டி, அளவைத் தேர்ந்தெடுத்து, பட்டனை அமுக்கினால் வேலை முடிந்தது.

தொடங்கும் முன் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் வேண்டாததைக் கழிக்க வேண்டும், மிச்சத்தைத்தான் சுருக்க வேண்டும். தலைகீழாகச் செய்பவர்கள் ஒரு மணி நேரம் சிபியுவைச் சூடாக்கி, தேவையே இல்லாத 50 ஜிபியை 40 ஜிபி ஆக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார்கள்.

## டிரைவ் சிவப்பில் நிற்கிறது, எது இடத்தைத் தின்கிறது என்று தெரியவில்லை

விஸ்ட்ரீ, விண்டிர்ஸ்டாட் என்ற கருவிகள் இரண்டில் ஒன்றை ஓட்டுங்கள். எந்த ஃபோல்டர் எவ்வளவு என்று பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகக் காட்டிவிடும். ஊகிக்கவே வேண்டியதில்லை.

பழைய கேம்களில் பெரும்பாலும் மாட்டுவது ஹெச்டி டெக்ஸ்சர் தொகுப்புதான். டெக்ஸ்சர் என்பது கேமில் பொருள்கள் மேல் போர்த்தும் படம். ஃபால்அவுட் 4-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கேம் சுமார் 30 ஜிபி. 2017 பிப்ரவரியில் கேமை வெளியிட்ட பெதெஸ்டா இலவசமாக விட்ட ஹெச்டி டெக்ஸ்சர் தொகுப்பு சுமார் 58 ஜிபி. கேமைவிட அதன் சட்டை பெரிது! அந்தத் தொகுப்புக்கு அவர்கள் பரிந்துரைத்தது 8 ஜிபி விரேம் (கிராபிக்ஸ் கார்டின் சொந்த நினைவகம்) உள்ள ஜிடிஎக்ஸ் 1080 கார்டு. உங்களிடம் இருப்பது 2 ஜிபி கார்டு என்றால் அந்த 58 ஜிபியும் இடத்தையும் அடைக்கும், ஓட்டத்தையும் கெடுக்கும். கேம் வாங்கி இன்ஸ்டால் செய்யும் ஸ்டீமில் கேமின் பெயர் மேல் ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் திறந்து, டிஎல்சி (கூடுதல் தொகுப்புகள்) பகுதியில் அதற்கான டிக்கை எடுங்கள். மிச்சத்தை ஸ்டீமே பார்த்துக்கொள்ளும். 2014-இல் வந்த ஷேடோ ஆஃப் மோர்டோரிலும் இதே கதைதான். அதன் அல்ட்ரா டெக்ஸ்சருக்கு 6 ஜிபி விரேம் கேட்டார்கள். சுருக்கும் கருவியைத் தொடும் முன்பே பலருக்குப் பிரச்சினை இங்கே தீர்ந்துவிடும்.

ஹேலோ மாஸ்டர் சீஃப் கலெக்‌ஷன் மாதிரி பல கேம்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்புகளில், எதை ஆடுகிறீர்களோ அதை மட்டும் வைத்துக்கொள்ள வழி இருக்கும். அதையும் ஒருமுறை பாருங்கள்.

அப்புறம் ஸ்டீமின் ஸ்டீம்ஆப்ஸ் ஃபோல்டர். அதற்குள் டவுன்லோடிங், ஒர்க்‌ஷாப், ஷேடர்கேஷ் என்று தனித்தனி ஃபோல்டர்கள் இருக்கும். பாதியில் நின்ற டவுன்லோடு முதலாவதில் கிடக்கலாம். இன்னொன்று: ஒரு கேமை அன்இன்ஸ்டால் செய்தால் ஸ்டீம் தான் வைத்த ஃபைல்களை மட்டும்தான் எடுக்கும். நீங்கள் கையால் போட்ட மாட்கள் (கேமை மாற்ற ரசிகர்கள் செய்த ஃபைல்கள்), கேம்கள் இருக்கும் காமன் ஃபோல்டரிலேயே தங்கிவிடும். ஸ்கைரிமை எடுத்து வருஷக்கணக்கான பின்னும் அதன் டேட்டா ஃபோல்டர் பத்து ஜிபியோடு அப்படியே கிடப்பது சர்வசாதாரணம்.

பிற மொழி ஒலி ஃபைல்களைக் கழிப்பதில் மட்டும் அவசரம் வேண்டாம். பிரெஞ்சு, ஜெர்மன் என்று ஃபோல்டர் இருந்தால் உடனே டிலீட் தட்டத் தோன்றும். சில கேம்கள் தொடங்கும்போது எல்லா ஃபைலும் இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கும். ஒன்று குறைந்தாலும் சத்தமில்லாமல் மூடிக்கொள்ளும். ஃபோல்டரின் பெயரை மாற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஆடிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் அழிக்கலாம்.

## சுருக்கி முடித்தேன், சைஸ் அப்படியே இருக்கிறது

இதற்கு நான்கு காரணங்கள் இருக்கலாம். முதல் காரணம் கோளாறே இல்லை, பார்க்கிற இடம்தான் தவறு.

கேம் ஃபோல்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ். அதில் இரண்டு வரிகள் அடுத்தடுத்து இருக்கும். மேலே 'சைஸ்', கீழே 'சைஸ் ஆன் டிஸ்க்'. மேல் வரி ஃபைலின் உண்மையான நீளம். எவ்வளவு சுருக்கினாலும் அது மாறாது, மாறவும் கூடாது. கீழ் வரிதான் டிஸ்க்கில் அது பிடித்திருக்கும் இடம். மேலே 30 ஜிபி, கீழே 22 ஜிபி என்று இருந்தால் 8 ஜிபி மிச்சம் என்று அர்த்தம். ஸ்டீமின் ஸ்டோரேஜ் பக்கத்தை நம்பாதீர்கள். அது தன் கணக்கில் எழுதி வைத்த எண்ணைத்தான் காட்டும், டிஸ்க்கை அளந்து பார்த்துச் சொல்லாது.

இன்னொரு குழப்பமும் இங்கேயே வரும். விண்டோஸ் டிரைவ்களின் வழக்கமான ஃபார்மேட்டான என்டிஎஃப்எஸ்-இன் பழைய சுருக்கத்தில் ஐகான் மேல் இரண்டு நீல அம்புக்குறிகள் தெரியும். இந்தப் புதிய முறையில் அந்த அடையாளம் எதுவும் வராது. அம்பைக் காணோமே, வேலை நடக்கவில்லையோ என்று திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது: அந்த ஃபைல்கள் ஏற்கனவே இறுக்கப்பட்டவை. ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் ஃபோல்டரைத் திறந்து பார்த்தால் இது பளிச்சென்று புரியும். 2005-இல் பிசிக்கு வந்த கேம். மாடல்ஸ் ஃபோல்டரில் ஜிடிஏ3.ஐஎம்ஜி என்று ஒரு பெரிய ஃபைல் இருக்கும். ஊரில் ஓடும் கார்கள், ஆட்கள், கட்டடங்கள், அவற்றின் டெக்ஸ்சர்கள் எல்லாம் அதற்குள்தான். ஆனால் உள்ளே எதுவும் அழுத்தி வைக்கப்படவில்லை. 2048 பைட் கட்டங்களாக ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்தக் காலத்து டிவிடியின் ஒரு செக்டர் அளவு அது. கட்டம் நிரம்பாத இடமெல்லாம் வெற்று. இந்த மாதிரி ஃபைல் சுருக்கத்துக்கு நன்றாக இடம் கொடுக்கும்.

அதே கேமில் ஆடியோ ஃபோல்டருக்குள் ஸ்ட்ரீம்ஸ் என்று ஒன்று இருக்கிறது. ரேடியோ நிலையங்களும் கதைக் காட்சிகளின் வசனங்களும் அதில்தான். அவை ஆக் வார்பிஸ் முறையில் ஏற்கனவே இறுக்கப்பட்டு, அதற்கு மேல் உருமறைக்கவும் பட்ட ஃபைல்கள். எல்இசட்எக்ஸ் போட்டாலும் அசையாது. எதிலும் இதே விதிதான். பிங்க் (Bink) என்ற வகை வீடியோ, எம்பி3, ஆக், ஜேபெக் இவை எதுவும் அமுங்காது. தனித்தனியாகக் கிடக்கும் டிடிஎஸ் டெக்ஸ்சர், மாடல், மேப், லைட்டிங் ஃபைல்கள் இவை அமுங்கும். நடுவில் இருப்பவை ஆர்கைவ் ஃபைல்கள், அதாவது பல ஃபைல்களை ஒன்றாகக் கட்டியவை. கேமைச் செய்தவர்கள் உள்ளேயே ஒருமுறை அழுத்தியிருந்தால் நமக்கு மிச்சம் ஒன்றும் இருக்காது. ஸ்கைரிம் ஸ்பெஷல் எடிஷனின் பிஎஸ்ஏ என்ற ஆர்கைவ் ஃபைல்கள் எல்இசட்4 முறையில் உள்ளுக்குள் அழுத்தக்கூடியவை, அதனால் அவற்றிடம் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள்.

டிடிஎஸ் பற்றி ஒரு சந்தேகம் வரும். அது ஏற்கனவே டிஎக்ஸ்டி முறையில் அழுத்தியதுதானே, எப்படி இன்னும் அமுங்கும்? டிஎக்ஸ்டி என்பது கிராபிக்ஸ் கார்டு நேரடியாகப் படிக்கும்படி செய்த அழுத்தம். 16 பிக்சலுக்கு இத்தனை பைட் என்று கணக்கு நிலையாக இருக்கும். படம் வெறும் கறுப்பாக இருந்தாலும் சரி, நுணுக்கமான செங்கல் சுவராக இருந்தாலும் சரி, ஒரே அளவுதான். ஆக, ஒரே மாதிரித் துண்டுகள் திரும்பத் திரும்ப வரும் இடங்களில் இரண்டாவது அழுத்தத்துக்கு இடம் இருக்கிறது.

மூன்றாவது, டிரைவ் என்டிஎஃப்எஸ்-ஆக இல்லாதது. பென்டிரைவ், சில எக்ஸ்டர்னல் டிஸ்க்குகள் எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் ஆகி வரும். அதில் இந்த வசதி கிடையாது.

நான்காவது, கருவியின் அமைப்பு. சரியாக அமுங்காத ஃபைல் வகைகளைத் தாண்டிப் போ என்ற டிக் காம்பாக்ட் ஜியுஐ-இல் உண்டு. அது போட்டிருந்தால் பல ஃபைல்களைத் தொடாமல் விட்டிருக்கும். அந்த டிக் இருப்பதே நல்லது. அமுங்காத ஃபைலை அழுத்தப் பார்ப்பதில் நேரம்தான் வீண்.

## சுருக்கிய பிறகு கேம் திக்கித் திக்கி ஓடுகிறது

பிராப்பர்ட்டீஸில் அட்வான்ஸ்டு பட்டனுக்குள் டிஸ்க் இடத்தை மிச்சப்படுத்தச் சுருக்கு என்று ஒரு டிக் பெட்டி இருக்கிறதே, அதைப் போட்டீர்களா? இதைத்தான் முதலில் கேட்க வேண்டும். அது 1990-களில் வந்த பழைய முறை. ஃபைலை 64 கேபி துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றையும் தனியாக அழுத்தி, கிடைத்த இடத்தில் சொருகும். பல ஜிபி இருக்கும் ஒரே ஃபைல் ஆயிரக்கணக்கான துண்டுகளாகச் சிதறிப்போகும். ஹார்ட் டிஸ்க்கில் இது கேமைக் கொல்லும். காரில் வேகமாகப் போகும்போது சாலை மட்டும் தெரிந்து கட்டடங்கள் பின்னால் முளைப்பது, டிஸ்க் விளக்கு அணையாமல் எரிவது எல்லாம் இதன் அடையாளம். டிக்கை எடுத்து முழுவதும் விரிய விடுங்கள், ஹார்ட் டிஸ்க் என்றால் சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃபிராக்கை ஒருமுறை ஓட்டுங்கள், அப்புறம் புதிய முறையில் சுருக்குங்கள்.

பழைய பெட்டியைத் தொடவே இல்லை, புதிய முறையில்தான் செய்தேன் என்றால் எல்இசட்எக்ஸ் மேல் சந்தேகம் வையுங்கள். இந்த முறைகளில் ஃபைல் துண்டு துண்டாகத்தான் அழுத்தப்படுகிறது. எக்ஸ்பிரஸ் 4கே என்றால் துண்டு 4 கேபி, 8கே என்றால் 8, 16கே என்றால் 16, எல்இசட்எக்ஸ் என்றால் 32 கேபி. கேம் 2 கேபி மட்டும் கேட்டாலும் அது இருக்கும் துண்டு முழுவதையும் விரித்தால்தான் அந்த 2 கேபி கிடைக்கும். சான் ஆண்ட்ரியாஸ் மாதிரி, நீங்கள் ஓட்டிப்போகும்போதே ஊரைக் கொஞ்சம் கொஞ்சமாக டிஸ்க்கிலிருந்து இழுக்கும் கேம்களுக்கு இது சுமை. அதோடு எல்இசட்எக்ஸ் விரிப்பதற்கே எக்ஸ்பிரஸைவிட அதிக சிபியு வேண்டும். நாலு கோர் உள்ள சுமாரான சிபியுவில் எக்ஸ்பிரஸ் 8கே, கொஞ்சம் நல்ல சிபியுவில் 16கே என்று நிறுத்திக்கொள்ளலாம். இரண்டு கோர் மட்டும் உள்ள பழைய லேப்டாப் என்றால் 4கே. எல்இசட்எக்ஸ்? வருஷத்துக்கு ஒருமுறை தொடும் கேம்களுக்கு மட்டும் வையுங்கள்.

விரிப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதற்கு கேம் செய்பவர்களே சாட்சி. 2014-இல் டைட்டன்ஃபால் பிசிக்கு வந்தபோது இன்ஸ்டால் அளவு 48 ஜிபி. அதில் 35 ஜிபி வெறும் ஒலி, சுருக்கப்படாதது. இரண்டு கோர் சிபியுவில் ஒலியை விரிக்கவே ஒரு கோரின் பெரும் பகுதி போய்விடும், அதனால் விரித்தே கொடுத்தோம் என்று அதைச் செய்த ரெஸ்பான் நிறுவனம் விளக்கம் சொன்னது. அன்றைக்கு அவர்கள் இடத்தைக் கொடுத்து வேகத்தை வாங்கினார்கள். நாம் செய்வது அதற்கு நேர் எதிர்.

இரண்டையும் பார்த்தாயிற்று, இன்னும் திக்குகிறது என்றால் சுருக்கத்தை விரித்துவிட்டு ஒருமுறை ஆடிப் பாருங்கள். அப்போதும் திக்கினால் காரணம் வேறெங்கோ இருக்கிறது. கீழே படியுங்கள்.

## வேகமாக ஓடும் என்றார்கள், எஃப்பிஎஸ் ஏறவே இல்லை

ஏறாது. டிஸ்க்கில் ஃபைல் எப்படிக் கிடக்கிறது என்பதற்கும் திரையில் நொடிக்கு எத்தனை ஃப்ரேம் வருகிறது என்பதற்கும் நேரடித் தொடர்பு கிடையாது. யூடியூபில் "சுருக்கினால் எஃப்பிஎஸ் இரட்டிப்பு" என்று தலைப்பு வைப்பவர்களை அப்படியே விட்டுவிடுங்கள்.

சுருக்குவதால் மாறக்கூடியது லோடிங் நேரம் ஒன்றுதான். அதுவும் டிஸ்க்கைப் பொறுத்தது. மெதுவான ஹார்ட் டிஸ்க், ஓரளவு நல்ல சிபியு என்றால் படிக்க வேண்டிய பைட் குறைவதால் லோடிங் குறையலாம். சாட்டா எஸ்எஸ்டியில் பெரிய வித்தியாசம் தெரியாது. என்விஎம்இ எஸ்எஸ்டியில் ஆதாயம் எதுவும் இல்லை, சில சமயம் நஷ்டம்தான். டைரக்ட்ஸ்டோரேஜ் பயன்படுத்தும் புதிய கேம்களைச் சுருக்கவே வேண்டாம். டிஸ்க்கிலிருந்து நேராக இழுக்கும் அந்த வழியின் பயனே போய்விடும்.

ஆனால் டிரைவ் விளிம்பு வரை நிரம்பியிருந்த கம்ப்யூட்டரில் சுருக்கிய பிறகு எல்லாமே சுறுசுறுப்பானதாகத் தோன்றும். அது பொய்யல்ல. 4 ஜிபி ரேம் உள்ள கம்ப்யூட்டரில் ரேம் போதாதபோது, அதற்குத் துணையாக டிஸ்க்கில் வைத்திருக்கும் பேஜ்ஃபைலை விண்டோஸ் பெரிதாக்கும். டிரைவில் இடமில்லை என்றால் அது வளர முடியாமல் கேம் மூடிக்கொள்ளும். எஸ்எஸ்டிகளும் கழுத்து வரை நிரம்பினால் எழுதுவதில் தடுமாறும். இங்கே உதவியது கிடைத்த காலி இடம். அதை அழித்துப் பெற்றிருந்தாலும் அதே பலன்தான்.

நிஜமாகவே எஃப்பிஎஸ் வேண்டும் என்றால் பழைய கேம்களுக்குத் தனி வைத்தியம் இருக்கிறது. டைரக்ட்எக்ஸ் 9 கேம்களின் கிராபிக்ஸ் அழைப்புகளை வல்கன் என்ற புதிய கிராபிக்ஸ் முறைக்கு மாற்றிக் கொடுக்கும் டிஎக்ஸ்விகே, ஜிடிஏ 4 மாதிரி கன்சோலிலிருந்து பிசிக்கு மோசமாக மாற்றிய கேம்களில் நல்ல வித்தியாசம் காட்டும். ஃப்ரேம் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கும் ஃப்ரேம் லிமிட்டரை அணைத்தால் போதுமே என்று நினைக்க வேண்டாம். சான் ஆண்ட்ரியாஸில் அதை அணைத்தால் நீச்சல் முதற்கொண்டு கெடும். 2011-இன் ஸ்கைரிமில் 60-ஐத் தாண்டினால் மேஜை மேல் இருக்கும் தட்டு, கிண்ணமெல்லாம் பறக்க ஆரம்பிக்கும். அந்தக் காலத்து எஞ்சின்கள் பல, இயக்கக் கணக்கை ஃப்ரேமோடு கட்டிவைத்தவை.

## கேமராவைத் திருப்பும்போது மட்டும் நின்று நின்று போகிறது

நின்று பார்த்தால் நன்றாக இருக்கும், திரும்பினால் அரை நொடி உறையும். இது பெரும்பாலும் விரேம் போதாமை. டெக்ஸ்சர் மாட்கள் போட்டவர்களுக்கு நிச்சயம் வரும்.

கணக்கு எளிது. 2048-க்கு 2048 டெக்ஸ்சர் ஒன்று டிஎக்ஸ்டி5 முறையில் 4 எம்பி. 4096-க்கு 4096 என்றால் 16 எம்பி. மிப்மேப்களையும் (தூரத்தில் காட்டுவதற்கான சிறிய நகல்கள்) சேர்த்தால் இரண்டுக்குமே மூன்றில் ஒரு பங்கு கூடும். பக்கத்தை இரண்டு மடங்காக்கினால் இடம் நான்கு மடங்கு. விண்டோஸ் சுருக்கம் இங்கே உதவாது. விரேமுக்குப் போகும்போது ஃபைல் விரிந்த அளவில்தான் போகும். டெக்ஸ்சரையே சிறிதாக்க வேண்டும். மாட் தளங்களில் ஒரே மாட் 4கே, 2கே, 1கே (4096, 2048, 1024 பிக்சல் டெக்ஸ்சர்) என்று தனித்தனியாகக் கிடைக்கும்; 1080 திரையில் ஆடுபவருக்குப் பாத்திரத்துக்கும் பாறைக்கும் 1கே போதும். இதில் டிஸ்க் இடம், விரேம், லோடிங் மூன்றும் ஒரே சமயத்தில் குறைகின்றன. உண்மையில் ஓட்டத்தை முன்னேற்றும் சுருக்கம் என்று சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

திக்குவதோடு நிற்காமல் கேம் அடிக்கடி டெஸ்க்டாப்புக்கு விழுகிறதா? 32 பிட் கேம்களுக்கு விண்டோஸ் சாதாரணமாகக் கொடுப்பது 2 ஜிபி முகவரி இடம். ரேம் 16 ஜிபி இருந்தாலும் அதுதான். லார்ஜ் அட்ரஸ் அவேர் என்ற குறியை இயங்கு ஃபைலில் போட்டால், 64 பிட் விண்டோஸில் அது 4 ஜிபி ஆகும். 4ஜிபி பேட்ச் என்ற சிறு கருவி அதைச் செய்துவிடும். முதலில் இயங்கு ஃபைலுக்கு ஒரு நகல் எடுத்து வையுங்கள்.

## போன வாரம் மிச்சமான இடம் இந்த வாரம் காணவில்லை

அப்டேட் வந்திருக்கும். இந்தச் சுருக்கம் படிப்பதற்கு மட்டுமே. ஒரு ஃபைலில் எழுத வேண்டும் என்று யாராவது திறந்தால் விண்டோஸ் அதை முழுவதும் விரித்துவிடும். ஸ்டீம் ஒரு பெரிய ஆர்கைவில் நாலு எம்பி மாற்றினாலும் அந்த ஆர்கைவ் மொத்தமும் பழைய அளவுக்கு வந்துவிடும். அதனால்தான் பழைய கேம்கள் இதற்குத் தோது: அவற்றுக்கு அப்டேட் வருவது நின்று பல வருஷமாகிறது. வாரா வாரம் பேட்ச் வரும் ஆன்லைன் கேமைச் சுருக்குவது ஓட்டைப் பானையில் தண்ணீர் பிடிப்பது மாதிரி.

அப்டேட்டே வராத கேமிலும் இது நடக்கலாம். படிக்க மட்டுமே தேவை இருந்தும் டேட்டா ஃபைலை எழுதும் உரிமையோடு திறக்கும் கேம்கள் உண்டு. ஆடி முடித்ததும் சைஸ் ஆன் டிஸ்க்கைப் பாருங்கள். ஒவ்வொரு தடவையும் ஏறிவிடுகிறது என்றால் அந்த கேமை விட்டுவிடுங்கள்.

ஃபைல்கள் சரியாக இருக்கின்றனவா என்று சோதிக்கும் ஸ்டீமின் வெரிஃபை இப்படி விரித்துவிடாது. அது படித்துப் பார்க்கிறது; கெட்டுப்போன ஃபைல் இருந்தால் அதை மட்டும் மாற்றி எழுதும்.

## பாதியில் நிற்கிறது, அனுமதி இல்லை என்கிறது

கேம் பின்னணியில் இன்னும் ஓடுகிறதா என்று டாஸ்க் மேனேஜரில் பாருங்கள். லாஞ்சர்களையும் மூடுங்கள். புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் கேம் என்றால் கருவியை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். இவ்வளவுதான் இதற்கு.

## கேம் திறக்கவே மாட்டேன் என்கிறது

சுருக்கத்தைக் குறை சொல்லும் முன் ஸ்டீமில் வெரிஃபை ஓட்டுங்கள். இன்னொரு கேம் கடையான ஜிஓஜி-யின் (GOG) கேலக்ஸி செயலியிலும் இதே வசதி உண்டு. ஃபைல் குறைகிறது என்று வந்தால், நீங்கள் கழித்ததில் ஏதோ தேவையானது போய்விட்டது என்று பொருள்.

டி3டிஎக்ஸ்9 என்று தொடங்கும் டிஎல்எல் ஃபைல் இல்லை என்ற செய்தி வந்தால் கதை வேறு. காமன்ரீடிஸ்ட் ஃபோல்டரில் டைரக்ட்எக்ஸ், விஷுவல் சி++ இன்ஸ்டாலர்கள் இருக்கும். ஏற்கனவே கேம் ஓடிய கம்ப்யூட்டரில் அவை விண்டோஸுக்குள் போய் உட்கார்ந்திருக்கும். ஃபோல்டரை அழித்தாலும் பாதகமில்லை. அதே கேம் ஃபோல்டரைத் தூக்கி இன்னொரு கம்ப்யூட்டரில் போட்டால்தான் இந்தச் செய்தி வரும். மைக்ரோசாஃப்ட்டின் 2010 ஜூன் டைரக்ட்எக்ஸ் தொகுப்பை இன்ஸ்டால் செய்தால் சரியாகிவிடும்.

டிஸ்க் போட்டு ஆடிய பழைய கேமா? 2000-களின் தொடக்கத்தில் பல கேம்களில் நகல் எடுப்பதைத் தடுக்கும் சேஃப்டிஸ்க் என்ற காப்பு இருந்தது. அதன் டிரைவரை விண்டோஸ் 10 ஏற்பதில்லை. சுருக்கினாலும் சுருக்காவிட்டாலும் அந்த கேம் ஓடாது. ஜிஓஜி மாதிரி இடங்களில் காப்பு நீக்கிய பதிப்பு விற்பனைக்கு இருந்தால் அதை வாங்குவதுதான் நேரான வழி.

"ஹைலி கம்ப்ரஸ்டு" என்று 500 எம்பிக்கு டவுன்லோடு செய்த கேம் என்றால் என்னால் உதவ முடியாது. பிரவுசிங் சென்டர் காலத்திலிருந்தே சுற்றிவரும் சமாச்சாரம் இது. ஒரு வகையில் டவுன்லோடு மட்டும்தான் சின்னது, இன்ஸ்டால் ஆனதும் முழு அளவுக்கு விரிந்துவிடும். இன்னொரு வகையில் ரேடியோ, வீடியோ எல்லாவற்றையும் வெட்டி எறிந்திருப்பார்கள், அந்தக் காட்சி வரும் இடத்தில் கேம் விழும். இரண்டிலுமே கூட என்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்பது யாருக்கும் தெரியாது.

## வேறு டிரைவுக்கு மாற்றும்போது இடம் போதவில்லை என்கிறது

ஒரே டிரைவுக்குள் ஃபோல்டரை நகர்த்தினால் சுருக்கம் அப்படியே இருக்கும், ஏனென்றால் பெயர்ப்பலகை மட்டும்தான் மாறுகிறது. வேறு டிரைவுக்கு காப்பி செய்தால் விரிந்துதான் போய்ச் சேரும். ஸ்டீமின் இன்ஸ்டால் ஃபோல்டரை மாற்றும் வசதியும் உள்ளுக்குள் காப்பிதான். 30 ஜிபி கேமை 22 ஆக்கியிருந்தாலும் அந்தப் பக்கம் 30 ஜிபி காலி வேண்டும். போய்ச் சேர்ந்த பிறகு அங்கே மறுபடி சுருக்கிக்கொள்ளுங்கள்.

அதே டிரைவை லினக்ஸிலும் திறப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும். லினக்ஸில் என்டிஎஃப்எஸ் டிரைவ்களைப் படிக்க உதவும் என்டிஎஃப்எஸ்-3ஜி டிரைவரால் கூடுதல் பிளகின் இல்லாமல் இந்தச் சுருக்கத்தைப் படிக்க முடியாது. ஃபைல்கள் உடைந்த இணைப்புகளாகத் தெரியும். ஃபைல் கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்துவிடாதீர்கள். விண்டோஸில் போய் விரித்துவிட்டு வந்தால் எல்லாம் பத்திரமாக இருக்கும். விரிக்கும்போது முழு அளவுக்கும் காலி இடம் வேண்டும் என்பதால் கடைசி ஜிபி வரை டிரைவை நிரப்பிவைக்க வேண்டாம். பெரிய கேம் ஒன்றை விரிக்கும் அளவுக்காவது எப்போதும் இடம் விட்டு வையுங்கள்.